நகரங்கள் எழுந்த கதை – 11: சாரம் பிரித்த பிறகு

சண்டிகரைப் பற்றிய சென்ற அத்தியாயத்தில் லெ கொர்புசியேயை ஒரு தலைநகரத்தின் சிற்பியாகப் பார்த்தோம். பஞ்சாப் வேலைக்காக அவர் இந்தியாவுக்கு முதன்முறை வந்த அதே 1951-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அகமதாபாத்துக்கும் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தவை சில்லறை வேலைகள் என்றே சொல்ல வேண்டும். ஆலை முதலாளிகள் சங்கத்துக்கு ஓர் அலுவலகம், நகரத்துக்கு ஓர் அருங்காட்சியகம், செல்வந்தக் குடும்பங்கள் இரண்டுக்கு வீடுகள் என்று கட்டி முடிந்தவை நான்குதான். சண்டிகரில் அவருக்கு ஒரு முழு நகரமே கிடைத்தது. ஆனால் அடுத்த எழுபது ஆண்டுகளில் இந்தியக் கட்டடக்கலையும் வடிவமைப்பும் எந்த ஊரில் மூச்சு விட்டு வளர்ந்தன என்று கேட்டால் பதில் அகமதாபாத் என்றுதான் வரும். பெரிய மேதைகள் வந்தார்கள், அற்புதமான கட்டடங்களை விட்டுச் சென்றார்கள், அவற்றைப் பார்த்து ஊர் விழித்துக்கொண்டது என்று சுற்றுலாக் கையேடுகள் இதற்கு எளிதாகக் காரணம் சொல்லும். இந்த விளக்கம் தலைகீழானது என்பதே என் வாதம். கட்டடம் ஒன்று கட்டப்படும்போது யார் கூடநின்று வேலை கற்றார்கள், சாரம் பிரித்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பதை வைத்துத்தான் அது ஒரு நகரத்தின் படைப்பு வாழ்வுக்கு என்ன செய்தது என்று சொல்ல முடியும். அகமதாபாத்தில் அவர்களில் பலர் ஊரைவிட்டுப் போகவில்லை. போகாமல் இருக்க அங்கே பள்ளிகள் இருந்தன.

அந்தப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஊரின் பணம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1411-இல் அகமது ஷா நிறுவிய இந்த நகரத்தில் வணிகர்களின் மகாஜன் அமைப்புகள் நெடுங்காலம் செல்வாக்குடன் இருந்தன. ரண்சோட்லால் சோட்டாலாலின் பஞ்சாலை 1861-இல் ஓடத் தொடங்கியபோது ஆலைத் தொழிலில் இறங்கியவர்களும் பெரும்பாலும் இந்த உள்ளூர் வணிகர்களே. பம்பாயைப் போலவோ கல்கத்தாவைப் போலவோ ஐரோப்பிய முதலீடு இங்கே கொடிகட்டிப் பறக்கவில்லை. லாபம் ஊரிலேயே தங்கியது. தங்கிய பணத்துக்கு ஊரில் பெயர் வாங்க வேண்டியிருந்தது. 1848-இல் எழுந்த ஹட்டீசிங் சமணக் கோயிலை, பஞ்ச காலத்தில் கைவினைஞர்களுக்கு வேலை கொடுக்கவும் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. நூறாண்டு கழித்து ஆலை முதலாளிகள் சங்கத்தின் தலைவராக லெ கொர்புசியேயை அமர்த்திய சுரோத்தம் ஹட்டீசிங் அதே குடும்பத்தவர். இன்னொரு பெரிய ஆலை முதலாளி கஸ்தூர்பாய் லால்பாய், ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறக்கட்டளையின் தலைவராக ராணக்பூர், தில்வாரா கோயில்களின் திருப்பணியை நடத்தியவர். பழைய பளிங்குக்கு இணையான கல்லைத் தேட வேண்டும், சோம்புரா சிற்பிகளைத் திரட்ட வேண்டும், அசலோடு பொருந்தும்வரை செதுக்கியதைத் திரும்பச் செதுக்கவைக்க வேண்டும். நல்ல கைகள் கடையில் வாங்கும் சரக்கல்ல, வேலை கொடுத்து வளர்க்க வேண்டியவை என்பது அவருக்குக் கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்திருக்கும். அவரும் மற்றவர்களும் சேர்ந்து 1935-இல் தொடங்கிய அகமதாபாத் கல்விச் சங்கம், சபர்மதியின் மேற்குக் கரையில் பரந்த நிலத்தை வாங்கிப் போட்டது. பின்னால் வந்த பல நிறுவனங்களுக்கு இடம் கிடைத்தது இந்த முன்யோசனையால்தான்.

ஆக, லெ கொர்புசியே வருவதற்கு முன்பே களம் தயார். 1947-இல் இயற்பியல் ஆய்வுக்கூடமும் நெசவுத் தொழில் ஆய்வுச் சங்கமான அட்டிராவும் தொடங்கின. இரண்டிலும் விக்ரம் சாராபாயின் கை இருந்தது. அட்டிராவின் கட்டடத்தை வடிவமைத்த அச்யுத் கான்விந்தே, ஹார்வர்டில் வால்டர் குரோப்பியஸிடம் படித்துவிட்டு வந்தவர். 1949-இல் காலிக்கோ துணி அருங்காட்சியகம் திறந்தது. அதன் விதை ஆனந்த குமாரசுவாமி போட்டது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அந்தக் கலை அறிஞர்தான், இவ்வளவு பெரிய நெசவு நகரத்தில் துணிக்கென்று ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கௌதம் சாராபாயிடம் சொன்னவர். கௌதமின் தங்கை கீரா, அமெரிக்காவில் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் பயிற்சி பெற்றவர். அண்ணனும் தங்கையும் சேர்ந்து அருங்காட்சியகத்தை உருவாக்கினார்கள். அதே 1949-இல் விக்ரமின் மனைவி மிருணாளினி தர்ப்பணா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். அவர் சென்னையில் வளர்ந்தவர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆலைக் குடும்பங்கள் கட்டடங்களைத் தனியே வாங்கவில்லை. ஆய்வுக்கூடம், அருங்காட்சியகம், நாட்டியப் பள்ளி என்று ஏதோ ஒரு பயிற்சிக்கு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். லெ கொர்புசியேயும் அப்படித் தேடும்போது கிடைத்தவர்களில் ஒருவர்.

1954-இல் முடிந்த ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசலாம். மேற்கே சாலையைப் பார்த்த முகப்பில் கான்கிரீட் தடுப்புகள் சாய்வாக நிற்கின்றன. பிற்பகல் வெயில் நேராக உள்ளே விழாது. கிழக்கே ஆற்றைப் பார்த்த பக்கத்தில் அவை நேராகத் திறந்து காற்றை வரவேற்கின்றன. தெருவிலிருந்து நீண்ட சாய்தளம் ஒன்று நடப்பவரை மெல்ல மேலே ஏற்றிக் கட்டடத்துக்குள் கொண்டுபோகிறது. கான்கிரீட்டுக்குப் பூச்சு கிடையாது. சென்ட்ரிங் பலகையின் மரவரிகூடச் சுவரில் பதிந்திருக்கிறது. இந்திய வெயிலுக்கும் காற்றுக்கும் கான்கிரீட்டைப் பழக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அந்தக் காலத்தில் இருந்திருக்காது. ஆனால் பாடம் இருந்தால் போதாது, படிக்க ஆள் வேண்டும். பாரிஸில் 1951 முதல் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் இருந்த பாலகிருஷ்ண தோஷி, இந்த வேலைகளை மேற்பார்வையிட அகமதாபாத்துக்கு வந்தார். புனேயில் பிறந்த, முப்பதை எட்டாத இளைஞர். வரைபடத்தைக் கொத்தனாருக்கு விளங்கவைப்பதும், பலகை அடைப்பது சரியில்லை என்றால் பிரித்து அடைக்கச் சொல்வதும், ஊர் ஒப்பந்தக்காரரிடம் மல்லுக்கட்டுவதும் அவர் வேலை. குருவின் கட்டடங்கள் முடிந்தன. சீடர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே தொழில் தொடங்கினார். 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தப் பரிசைவிட முக்கியம், 1962-இல் அவர் தொடங்கிய பள்ளி.

அதற்குச் சற்று முன் இன்னொரு பள்ளி வந்துவிட்டது. இந்திய அரசு அழைத்ததன் பேரில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை தந்தார்கள். தொழில்மயமாகும் நாட்டில் பொருள்களின் தரம் தாழாமல் காக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்றது அது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக அவர்கள் வியந்தது வீட்டுச் சொம்பை. தலைமுறை தலைமுறையாகக் கைகளால் திருத்தப்பட்டு வந்த அந்தச் சொம்பில் வடிவமைப்பாளர் ஒருவரின் பெயரில்லை. 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அகமதாபாத்தில் பிறந்தது. கௌதமும் கீராவும் அதை நடத்தினார்கள். தொடக்கத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. லெ கொர்புசியே கட்டிய சன்ஸ்கார் கேந்திர அருங்காட்சியகத்தில்தான் குடியிருந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் மாணவராக இருந்த தஷ்ரத் படேல் அதன் தொடக்க கால ஆசிரியர்களில் முக்கியமானவர். அமெரிக்காவின் மரவேலைக் கலைஞர் ஜார்ஜ் நகஷிமா 1964-இல் வந்து, அங்கிருந்த தச்சர்களை வைத்து மேசை நாற்காலி செய்தார். 1969-இல் டேவிட் டியூடர் மின்னணு இசைக்கூடம் ஒன்றை நிறுவினார். நாட்டிலேயே முதல் கூடம் அது. வந்தவர்கள் சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போகவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஏதாவது ஒரு பட்டறையை விட்டுவிட்டுப் போனார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்த்து வளர்ந்த தூர்தர்ஷன் கண்ணும், பாரத ஸ்டேட் வங்கியின் சாவித்துளை வட்டமும் இந்த வளாகத்தில் தோன்றியவை.

தோஷியின் பள்ளியைப் பின்னால் செப்ட் என்று அழைத்தார்கள். கஸ்தூர்பாயின் கல்விச் சங்கம் தந்த ஆதரவில் கட்டடக்கலை வகுப்புகளோடு தொடங்கி, 1972-இல் நகரத் திட்டமிடலையும் சேர்த்துக்கொண்டு, 2005-இல் பல்கலைக்கழகமானது. அறுபதுகளின் பிற்பாதியில் எழுந்த அதன் கட்டடம் செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்ட எளிய அமைப்பு. வரைகூடங்களுக்கு அடியில் பெரிய திறந்த நிழல்வெளி. வடக்கு வெளிச்சம் உள்ளே வரும் சாய்ந்த சன்னல்கள். வாசல் எது, வெளி எது என்று சட்டென்று பிடிபடாத ஓர் ஏற்பாடு. கட்டடம் கற்க வருகிறவர் முதல் ஆண்டிலேயே, தான் உட்கார்ந்திருக்கும் கட்டடத்தை அளந்து வரைந்து படிக்கலாம். அதே வளாகத்தில் 1984-இல் கனோரியா கலை மையம் வந்தது. தொண்ணூறுகளில் ஓவியர் உசேனுக்காகத் தோஷி கட்டிய நிலத்தடிக் குகையும் வந்தது. கணினியில் வடிவம் கணக்கிட்டு, படிப்பறிவில்லாத கூலித் தொழிலாளர்கள் சாதாரணக் கைக்கருவிகளால் மெல்லிய ஃபெரோசிமென்ட் ஓட்டைப் போட்டு, மேலே உடைந்த பீங்கான் சில்லு பதித்த கட்டடம் அது. ஓவியர், மாணவர், தொழிலாளி ஆகிய மூவரும் ஒரே வேலையிடத்தில் நின்ற நிகழ்வு இந்தியாவில் அதிகம் கிடையாது.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று, லூயி கான் கட்டிய இந்திய மேலாண்மைக் கழகம். 1961-இல் கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு தோஷியின் யோசனைப்படி கானை அழைத்தார்கள். அழைத்த முறைதான் விசேஷம். வெளிநாட்டு மேதையிடம் மொத்த வேலையையும் ஒப்படைத்துவிடவில்லை. உள்ளூரில் பொறுப்பேற்றது தேசிய வடிவமைப்பு நிறுவனம். கான் அதன் ஆலோசகர். இளம் இந்தியர்கள் ஃபிலடெல்ஃபியாவில் அவருடைய அலுவலகத்துக்குப் போய்ப் பழக வேண்டும், இங்கே வேலை இடத்திலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உருக்கும் சிமென்டும் எளிதில் கிடைக்காத அறுபதுகளில், செங்கல்லையே சுமைதாங்கியாக வைத்துக் கட்ட முடிவாயிற்று. அகலமான திறப்புகளுக்கு மேலே செங்கல் வளைவு எழும்பும். வளைவு வெளியே உதைத்துத் தள்ளாமல் இருக்க அதன் இரு கால்களையும் ஒரு கான்கிரீட் விட்டம் இழுத்துப் பிடிக்கும். பூச்சு இல்லாததால் கொத்தனாரின் ஒவ்வொரு பிழையும் காலத்துக்கும் தெரியும். வரிக்கு வரி சாந்தின் கனம் மாறக் கூடாது. வளைவின் செங்கற்கள் ஒரே மையத்தை நோக்கித் திரும்ப வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துப் பழகிய கைகளுக்கு இது கடுமையான பள்ளிக்கூடம். பத்தாண்டுக்கு மேல் இழுத்த வேலை அது. 1974 மார்ச்சில் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் இறந்தார். வேலை நிற்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அவரிடம் பழகி வந்த அனந்த் ராஜே எஞ்சியவற்றைத் தம் கையால் கட்டி முடித்தார். செப்டில் பாடமும் நடத்தினார். ஒரு கட்டடத்தின் ஆசிரியர் இறந்த பிறகும் அது வளர முடிந்ததென்றால், அறிவு காகிதத்திலிருந்து ஊர்க் கைகளுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். பூச்சில்லாச் செங்கல்லும் பூச்சில்லாக் கான்கிரீட்டும் அடுத்த முப்பதாண்டுக்கு அகமதாபாத்தின் மேற்குக் கரையின் வழக்கமே ஆகிவிட்டன. அந்த வழக்கம் சில சமயம் சலிப்பூட்டும் அளவுக்குப் போனதும் உண்மை.

எதிர்மறையாகவும் இதைச் சோதிக்கலாம். பெரிய பெயர் இருந்தும் பள்ளியோடு ஒட்டாத கட்டடங்களுக்கு என்ன ஆயிற்று? சன்ஸ்கார் கேந்திரம் லெ கொர்புசியேயின் படைப்பு. தூண்கள்மேல் நிற்கும் செங்கல் பெட்டி. வடிவமைப்பு நிறுவனம் அதற்குள் இருந்த அறுபதுகள்தான் அதன் பொற்காலம். நிறுவனம் பால்டியில் பக்கத்து மனைக்கே தன் சொந்தக் கட்டடத்துக்குப் போன பிறகு, நகர வரலாற்றுப் பொருள்களோடும் காற்றாடி அருங்காட்சியகத்தோடும் சிறிதுகாலம் ஓட்டி, பழுதடைந்து, மூடிக் கிடக்கும் நிலைக்கு வந்தது. தோஷியே பழைய நகரின் பத்ரா கோட்டையருகே எழுபதுகளில் கட்டிய பிரேமாபாய் அரங்கமும் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. அதே தோஷி, அதே கான்கிரீட். கூடவே ஒரு பள்ளி மட்டும் இல்லை. மேதையின் கையெழுத்தே ஊரை உயிர்ப்பிக்கும் என்றால் இந்த இரண்டும் இப்படி ஆகியிருக்கக் கூடாது.

சண்டிகரிலும் பள்ளி இருந்ததே என்று வாசகர் கேட்கலாம். சரியான கேள்வி. சண்டிகர் கட்டடக்கலைக் கல்லூரி 1961-இல் தொடங்கியது. லெ கொர்புசியேயின் வேலையில் நேரடியாகப் பழகிய இந்தியர் கூட்டமும் அங்கே இருந்தது, ஆதித்ய பிரகாஷ் போன்றவர்கள் அந்தக் கல்லூரியை நடத்தவும் செய்தார்கள். வேறுபாடு வேலை கொடுப்பவரிடம் இருக்கிறது. சண்டிகரில் அரசு ஒன்றே பெரிய வாடிக்கையாளர். முகப்பு இப்படித்தான் இருக்க வேண்டும், உயரம் இவ்வளவுதான் என்று விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. கற்று வெளியே வந்தவருக்குத் தான் கற்ற ஊரிலேயே மாற்றிக் கட்டிப் பார்க்க இடம் குறைவு. அகமதாபாத்தில் வாடிக்கையாளர்கள் பலர். ஒருவரையொருவர் மிஞ்சப் பார்ப்பவர்கள். சாராபாய் ஒரு பக்கம், லால்பாய் ஒரு பக்கம், நகராட்சி ஒரு பக்கம். காந்தி ஆசிரமத்தின் நினைவு அருங்காட்சியகத்தைச் சார்லஸ் கொரியா 1963-இல் கட்டி முடித்தபோது அவருக்கும் முப்பதுகளின் தொடக்க வயது. ஓட்டுக்கூரை, செங்கல் தூண், கல் தளம் என்று சிறுசிறு சதுரங்களை அடுக்கி, பின்னால் இன்னும் சேர்த்துக்கொள்ளும்படி விட்ட கட்டடம் அது. லெ கொர்புசியேயைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இருக்கவில்லை. சண்டிகரில் அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டவர் சாலை ஆய்வாளர் நேக் சந்த்தான். அதுவும் திருட்டுத்தனமாக, கழிவுப் பொருள்களைக் காட்டுக்குள் சேர்த்துப் பாறைத் தோட்டம் அமைத்து. அரசு அதைக் கண்டுபிடித்து, இடிக்காமல், 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. நகரத்தின் மிகச் சொந்தமான படைப்பு சட்டத்துக்கு வெளியே பிறந்தது என்பதே என் வாதத்துக்குப் பக்கபலம்.

இன்னொரு மறுப்பு பழைமையிலிருந்து வரும். சீதி சையது மசூதியின் மரக்கிளை ஜாலியைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே செதுக்கிய ஊர் இது. போல் என்னும் பழைய தெருக்குடியிருப்புகளில் மர வேலைப்பாடு மண்டிய வீடுகள் இருந்தன. கைத்திறனுக்கு ஐரோப்பியரோ அமெரிக்கரோ வர வேண்டியிருந்ததா என்று கேட்பார்கள். திறன் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் சாதிக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் பாதுகாக்கப்பட்ட திறன், அதற்கு வேலை தருபவர் மறைந்தால் கூடவே மறையும். போல் வீடுகளின் மரவேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு ஊர் ஏறக்குறைய கைவிட்டது அதனால்தான். புதிய பள்ளிகள் செய்தது அந்த அறிவுக்கு வெளியே இருந்து ஒரு கண்ணைக் கொடுத்தது. 1997 நவம்பரில் மாநகராட்சி தொடங்கிய பாரம்பரிய நடை, போல்களின் சந்துகளை ஊராருக்கே அறிமுகம் செய்தது. 2017-இல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக அகமதாபாத்தை யுனெஸ்கோ அறிவித்தபோது, அதற்கான ஆவணத் தொகுப்பைத் தயாரித்துக் கொடுத்தது செப்ட். அறுநூறு ஆண்டு நகரத்தின் சான்றிதழை எழுத, ஐம்பது ஆண்டுப் பள்ளி ஒன்று தேவைப்பட்டது.

மிகக் கடினமான மறுப்பு, இது யாருடைய நகரம் என்பது. 1892-இல் இரும்பால் எழுந்த எல்லிஸ் பாலத்தைக் கடந்து மேற்கே போன செல்வந்தர்கள்தான் இந்தக் கட்டடங்களின் சொந்தக்காரர்கள். கிழக்கே ஆலைகளும், ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளும். 1918-இல் அம்பாலால் சாராபாய்க்கு எதிராக அவருடைய அக்கா அனசூயா தொழிலாளர் பக்கம் நின்று வேலைநிறுத்தம் நடத்திய ஊர்தான். ஆனால் படைப்புக்குச் செலவான பணம் கிழக்கில் உழைத்தவர்களின் வியர்வை என்பது மாறாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். துணி அருங்காட்சியகமும், நெசவு ஆய்வுச் சங்கமும், வடிவமைப்பு நிறுவனமும் ஒருசேர வைத்திருந்த நகரத்தால் தன் ஆலைகளைக் காப்பாற்ற முடியவில்லை; காலிக்கோ ஆலையே தப்பவில்லை. 1996 அக்டோபரில் உசேனின் ஓவியங்களை அந்தக் குகை வளாகத்துக் காட்சிக்கூடத்திலேயே புகுந்து அழித்தார்கள். 1969, 1985, 2002 கலவரங்கள் ஊரைத் துண்டுகளாகப் பிரித்தன. பிரிந்த பகுதிகளை இணைக்க எந்தக் கட்டடத்தாலும் ஆகவில்லை. படைப்புக் கலாசாரம் என்பது நீதியோ சகிப்போ அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, நகர நிர்வாகங்கள் விளம்பரத்துக்காகப் பரப்பும் மயக்கம். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது. ஆலை முதலாளிகளின் பணத்தால்தான் எல்லாம் நடந்தது என்றால், ஆலைகள் சரிந்தபோது எல்லாமும் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. புரவலர் போன பிறகு எஞ்சியவை பள்ளிகள். அவற்றுக்குள் சேர்ந்திருந்த பழக்கம். மேலாண்மைக் கழகத்தின் ரவி மத்தாய் 1975-இல் வடிவமைப்பு நிறுவனத்தாரோடு ராஜஸ்தானின் ஜவாஜாவுக்குப் போய் நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் வேலை செய்ததை, மேற்குக் கரை தன் எல்லையைத் தாண்டிய அரிய முயற்சி என்று சொல்லலாம். அரியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது அகமதாபாத் வேறு பாதைக்குத் திரும்பியிருக்கிறது. 1997-இல் ஸ்பெயினின் பில்பாவோவில் ஃபிராங்க் கெரியின் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து, பார்த்தவுடன் படமெடுக்கத் தூண்டும் ஒரு கட்டடம் கிடைத்தால் ஊர் பிழைத்துவிடும் என்று உலகெங்கும் மேயர்கள் நம்புகிறார்கள். அதே 1997-இல் தொடங்கிய சபர்மதி ஆற்றங்கரை மேம்பாட்டுக் கழகம், 2005 முதல் இரு கரைகளையும் பல கிலோமீட்டருக்குச் சுவர் எழுப்பி நடைமேடையாக்கியது. கரையோரக் குடிசைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. பலர் நீதிமன்றம் ஏறிய பிறகே மாற்று வீடு பெற்றார்கள், அதுவும் ஊரின் ஓரங்களில். 2022-இல் திறந்த அடல் பாலம் காற்றாடியின் வண்ணங்களோடு ஆற்றைக் கடக்கிறது. காற்றாடி அருங்காட்சியகம் இருந்த சன்ஸ்கார் கேந்திரம் அதிலிருந்து அதிக தூரமில்லை. இந்த இடத்தில் என் வாதத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆற்றங்கரையை வடிவமைத்த பிமல் படேல் செப்டில் படித்தவர், பின்னால் அதன் தலைவராகவும் இருந்தவர். ஆற்றங்கரைக்கு முதல் யோசனை சொன்னவர் அறுபதுகளில் அந்தப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னார்டு கோன். பள்ளி ஈன்ற பிள்ளைதான் இதுவும். ஆனால் ஐம்பதாண்டுக்கு முந்தைய வேலைகளில் இருந்த ஒரு கண்ணி இதில் அறுந்திருக்கிறது. கான்கிரீட் சுவர் விரைவாக எழ வேண்டும், ஒப்பந்தம் குறித்த தேதியில் முடிய வேண்டும். நின்று கற்றுக்கொள்ள அங்கே யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. உலாவ நல்ல இடம் கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். புதிய கைகள் கிடைத்தனவா என்பதற்குத்தான் சான்று தேட வேண்டியிருக்கிறது.

கானின் செங்கல்லுக்கே திரும்பினால் வாதம் இன்னும் கூர்மையாகும். 2020 டிசம்பரில் மேலாண்மைக் கழகம், கான் கட்டிய 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதியன கட்டத் திட்டமிட்டது வெளியே தெரிந்தது. செங்கல் அரிக்கிறது, நீர் கசிகிறது, 2001 நிலநடுக்கம் விட்ட விரிசல்கள் இருக்கின்றன, மாணவர்களின் பாதுகாப்பு முக்கியம் என்று நிர்வாகம் சொன்ன காரணங்களைக் கேலி செய்யக் கூடாது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பில் 2021-இன் முதல் நாளே திட்டம் திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில், புதிதாகக் கட்டுவதே வழி என்ற முடிவு மறுபடி வந்தது. பள்ளியோடு ஒட்டிய கட்டடம் பிழைக்கும் என்று இவ்வளவு நேரம் சொன்ன என்னை இது மறுக்கிறதே என்று கேட்கலாம். இந்தக் கழகத்தில் கற்றுக்கொடுப்பது மேலாண்மை. அதன் மாணவருக்குச் சுவர் ஒரு தங்குமிடம். செப்ட் மாணவருக்குச் சுவரே பாடநூல். எதிர்ப்புக் கடிதங்களில் கட்டடக் கலைஞர்களின் குரல் ஓங்கி ஒலித்ததன் காரணம் அதுதான். இடிப்பதற்கு மாற்று இருந்தது என்பதற்கும் அந்த வளாகத்திலேயே சான்று உண்டு. பிருந்தா சோமையாவின் நிறுவனம் கானின் நூலகத்தைச் செப்பனிட்டு, அந்தப் பணி 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் சிறப்பு விருது பெற்றது. உதிர்ந்த செங்கல்லை மட்டும் பெயர்த்து, அதே அளவில் வேறு செங்கல் தேடி, பழைய வரியோடு சாந்து ஒத்துப்போகும்வரை பழகி, துருப்பிடித்த கம்பியைத் திறந்து சரிசெய்யும் வேலை அது. அப்படிப் பழகிய கொத்தனார்களுக்கு அந்த வளாகத்தில் 14 விடுதிகள் அளவுக்கு வேலை காத்திருந்தது. புதிய விடுதிகளுக்கு அவர்கள் தேவைப்பட மாட்டார்கள்.

(தொடரும்)